ஏழாம் நம்பர் பெட்டி

கரும்பலகையில் பெரிய வட்டம் போட எங்கள் பள்ளியில் ஒரு வழி உண்டு. சணல் கயிற்றின் ஒரு முனையைப் பலகையின் நடுவில் ஒரு பிள்ளை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி நான் இழுத்துச் சுற்றுவேன். அன்றைக்கு ஏழாம் வகுப்பில் கடைசிப் பாடவேளை. லண்டன் ஐ என்கிற ராட்டினத்தை வரைகிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். வட்டம் முடிந்தது. ஆரக்கால்கள் போட்டேன். அதற்குப் பிறகு கை தன் போக்கில் போய்விட்டது. தொங்கும் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் குடை, பக்கத்தில் டீசல் என்ஜின், அதற்கொரு தகரக் கொட்டகை. பின்னால் நகர்ந்து பார்த்தால் பலகையில் இருந்தது லண்டன் இல்லை. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி.

எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கல் என்றால் பராசக்தி மாரியம்மன் கோயில் திருவிழா. அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களும் கயிறு குத்துகிறவர்களுமாகத் தெருவெல்லாம் வேப்பிலை வாசம் அடிக்கும். பிழைக்க வெளியூர் போனவர்கள் அந்த நாட்களில் வீடு வந்து சேர்வார்கள். 1984இல் அத்தை குடும்பமும் வந்திருந்தது. எனக்கு 11 வயது, தம்பிக்கு 9. சாயங்காலம் அப்பா எங்கள் எல்லாரையும் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனார். நானும் மதினியும், அதாவது அத்தை மகளும், ராட்டினம் ஏறினோம். தம்பி ஏற மாட்டான். அந்த என்ஜின் சத்தமே அவனுக்கு ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்பா பக்கத்தில் கீழே நின்றான்.

நாங்கள் இறங்கி வந்தபோது அங்கே கூட்டம் கூடியிருந்தது. தம்பி, “ஏழு, ஏழு, ஏழு” என்று கத்திக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைக்க, கண் மேலேயே நிற்க, ஒரே சொல். சாமி வந்திருக்கிறது என்றார் ஒருவர். வேறு எதுவோ பிடித்திருக்கிறது என்றாள் ஒரு அம்மாள். அப்பா அவனை அடித்தார். அப்பா பிள்ளைகளை அடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு நாலு பேர் பார்க்க அடித்தார். வீடு வரும்வரை தம்பி சின்னக் குரலில் ஏழு ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் குடும்பத்தில் இது பல வருடம் சொல்லப்பட்ட கதை. “பொருட்காட்சில இவன் பண்ணுன கூத்து” என்று அம்மா ஆரம்பிப்பாள். நானும் கல்லூரித் தோழிகளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு வார்த்தைகள் இல்லாமல் இல்லை. பசித்தால், “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது” என்பான். டெல்லியிலிருந்து காலை ஏழேகால் மணிக்கு வரும் தமிழ்ச் செய்தி ஆரம்பிக்கும்போதுதான் எங்கள் வீட்டில் தட்டில் இட்லி விழும். அவனுக்கு அந்த வாக்கியம்தான் பசி. அம்மாவுக்கு இது தெரியும். எந்தப் புத்தகமும் படிக்காமல், எந்த டாக்டரும் சொல்லாமல், அவன் பேசும் ரேடியோ வாக்கியங்கள் ஒவ்வொன்றுக்கும் அவள் அர்த்தம் வைத்திருந்தாள். தெருவுக்குத்தான் தெரியவில்லை. பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பார்த்து, ஆட்டிசம் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதியது 1943இல். நாற்பது வருடம் கழித்தும் அந்தச் சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. சட்டத்துக்கும் மெதுவாகத்தான் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் வருடத்துச் சட்டம் 7 வகைகளைச் சொன்னது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016இன் சட்டம் 21 வகைகளை அடுக்கியபோதுதான் இதுவும் தனியாக ஓர் இடம் பெற்றது. தம்பியின் பழைய சான்றிதழில் இன்றும் வேறு ஒரு சொல்தான் இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பையனின் சான்றிதழில் சரியான சொல் இருந்தது. அவன் அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்காக மடித்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை. என்னிடம் காட்டிவிட்டு, “பிள்ளைகள்ட்ட இந்தப் பேர மட்டும் சொல்லிறாதீங்க டீச்சர்” என்றாள். 2022 ஜூன் மாதம் அது. பெருந்தொற்றுக்குப் பிறகு பிள்ளைகள் எல்லாரும் ஒரு மாதிரி கலைந்துபோய்த் திரும்பி வந்திருந்த நேரம். ஜன்னலோரத்துப் பையன் சட்டைக் காலரைக் கடிப்பான். மணி அடித்தால் மேஜைக்கு அடியில் போவான். பேருந்து நிறுத்தத்தில் எழுதியிருக்கும் நேரங்களையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பான். யாரிடமும் பேச மாட்டான்.

கதையைக் கொண்டு இவனுக்கு ஒரு வழி திறக்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு மதினிதான் காரணம். அவள் லண்டனில் இருக்கிறாள். ஒரு தொடக்கப் பள்ளியில் உதவி ஆசிரியை. அங்கே வகுப்பில் சத்தமாக வாசிக்கும் புத்தகங்களில் பிடித்தவற்றை ஊருக்கு வரும்போது எனக்கு வாங்கி வருவாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை நடுவில் வைத்து எழுதிய சிறார் நாவல்களாகவே ஒரு வரிசை அலமாரியில் சேர்ந்துவிட்டது. தம்பிக்காகத்தான் அவள் வாங்கினாள் என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதலில் நான் எடுத்தது சிந்தியா லார்ட் 2006இல் எழுதிய ‘ரூல்ஸ்’. அமெரிக்காவில் நியூபெரி கௌரவம் பெற்ற புத்தகம். கேத்ரினுக்கு 12 வயது, அவள் தம்பி டேவிட்டுக்கு 8. டேவிட்டுக்கு ஆட்டிசம். மீன் தொட்டிக்குள் பொம்மையைப் போடக் கூடாது என்பது மாதிரி அவனுக்காக அவள் விதிகள் எழுதிக்கொண்டே இருக்கிறாள். டேவிட் தன் சொந்தச் சொற்களில் பேசத் திணறும்போது, ஆர்னால்ட் லோபெலின் தவளைக் கதைகளிலிருந்து வாக்கியங்களை எடுத்துப் பேசுகிறான். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஆகாசவாணி. உலகத்தின் மறுகோடியில் ஒரு பிள்ளை கதைப் புத்தகத்திலிருந்து கடன் வாங்கிப் பேசுகிறான், விருதுநகரில் ஒரு பிள்ளை ரேடியோவிலிருந்து. லார்டின் மகனுக்கே ஆட்டிசம் உண்டு. வீட்டில் கேட்டு எழுதியவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அதைத் தமிழில் கதையாகச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், அக்காவாக இருந்து சொன்னேன். கேத்ரினின் வெட்கம், எரிச்சல், பாசம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். டேவிட் பற்றிச் சொல்லும்போதெல்லாம் என் கண் ஜன்னல் பக்கம் போனது. என் கண் போன இடத்துக்கு 34 ஜோடிக் கண்கள் போயின.

மறுநாள் மத்தியானம் மைதானத்தில் பார்த்தேன். நாலைந்து பெண்பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று அன்பாக, உண்மையிலேயே அன்பாக, விதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கடிக்கக் கூடாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கணும். சாப்பிடும்போது சோற்றை எண்ணக் கூடாது. அவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். அடுத்த மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் அம்மா வந்தாள், சண்டை போடவில்லை. “பேர் சொல்லலைதான் டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

புத்தகத்தின் மீது குற்றம் இல்லை. அதில் ஜேசன் என்று ஒரு பையன் வருகிறான். சக்கர நாற்காலியில் இருப்பவன், வாயால் பேச முடியாதவன், வார்த்தை அட்டைகள் அடங்கிய ஒரு புத்தகத்தைத் தொட்டுக் காட்டித்தான் பேசுவான். அந்த அட்டைகளில் இல்லாத சொற்களை, கோபப்படவும் கேலி செய்யவும் வேண்டிய சொற்களைக்கூட, கேத்ரின் படம் வரைந்து அவனுக்கு எழுதிக் கொடுப்பாள். கதையின் உயிர் அங்கேதான் இருந்தது. நான் அதை அவசரமாகக் கடந்து, விதிகளிடம் நின்றுவிட்டேன். அக்காவின் கதையைச் சொன்னேன். கேட்ட பிள்ளைகள் எல்லாரும் அக்காக்கள் ஆகிவிட்டார்கள். டேவிட்டாக இருந்து பார்க்க ஒருவருக்கும் நான் இடம் வைக்கவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் வரும் சிறப்பாசிரியை என்னைவிட இருபது வயது சின்னவள். நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “கதை சொல்றத விட்றாதீங்க டீச்சர். ஆனா சொல்லும்போது அவனப் பாக்காதீங்க” என்றாள். இன்னும் சில விஷயங்களும் சொன்னாள். கதையை முன்கூட்டியே அவனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் உட்காருவான். படமாகப் பலகையில் போடுங்கள். நடுவில் எழுந்து போனால் போகட்டும், வராந்தாவில் நின்றும் கேட்பான். எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் முதலில் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. முப்பது வருட ஆசிரியையின் கண் அது, பார்த்துப் பழகியது. கதை சொல்லும்போது எதிர்ச் சுவரில் இருந்த இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளப் பழகினேன்.

அடுத்த கதை ‘தி லண்டன் ஐ மிஸ்டரி’. ஷிவான் டௌட் எழுதியது, 2007 ஜூனில் வந்தது. அந்த ஆகஸ்டில் புற்றுநோயில் அவர் இறந்துபோனார். 47 வயது. கதையில் டெட், அவன் அக்கா கேட், மான்செஸ்டரிலிருந்து வந்திருக்கும் பெரியம்மா பிள்ளை சலீம் என்று மூன்று பேர் ராட்டினத்துக்குப் போகிறார்கள். பெரிய வரிசை. முன்பின் தெரியாத ஒருவன் தன்னிடம் இருக்கும் சீட்டைக் கொடுக்கிறான். சலீம் மட்டும் 11:32க்கு ஏறுகிறான். டெட்டும் கேட்டும் கீழே நின்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். 12:02க்குப் பெட்டி கீழே வருகிறது. எல்லாரும் இறங்குகிறார்கள். சலீம் இல்லை.

இதை டெட்டே சொல்கிறான். வானிலை பற்றி எல்லாம் தெரிந்தவன், காலையில் கிண்ணத்தில் இருப்பதை எண்ணிச் சாப்பிடுகிறவன், பதற்றம் வந்தால் கை தானாகப் படபடக்கிறவன். தன் மூளை வேறு விதமாக ஓடுவது என்று அவனே சொல்லிக்கொள்கிறான். ஒரு நோயின் பெயரும் கதையில் இல்லை. அந்த அம்மாளுக்கு நான் கொடுத்த வாக்கை இந்தப் புத்தகம் எனக்காகக் காப்பாற்றியது.

இரண்டு வாரம் ஓடியது. தினமும் கடைசிப் பாடவேளை, தினமும் ஒரு துண்டு. எங்கள் வகுப்பில் ஒருத்தி, “சலீம்னா எங்க மாமா பேரு டீச்சர்” என்று சொன்னதிலிருந்து அவன் எங்களுக்கு உறவாகிவிட்டான். சலீம் எப்படி மறைந்தான் என்பதற்கு டெட் ஒவ்வொன்றாக ஒன்பது ஊகங்கள் வைக்கிறான். நான் அவற்றைச் சொல்லுமுன் ஒவ்வொரு பெஞ்சையும் ஊகம் எழுதச் சொன்னேன். ஒரு பெஞ்ச் அவனைச் சீட்டுக்கு அடியில் படுக்க வைத்தது. இன்னொன்று, அவன் ஏறவே இல்லை என்றது. கடைசி பெஞ்ச், ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டது. விடை என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அது சேர வேண்டும்.

டெட்டுக்குப் பேச்சுவழக்கின் மறைபொருள் பிடிபடாது. ஆங்கிலச் சொலவடைகளை அப்படியே எடுத்துக்கொண்டு குழம்புவான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பிள்ளைகளிடமே கேட்டேன். வீட்டில் கேட்கும் பேச்சில், வந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் விபரீதமாகும் வாக்கியங்களைப் பிடித்து வாருங்கள் என்றேன். மறுநாள் பலகை நிறைந்துவிட்டது. காது குத்தாதே. தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். வயிறு எரிகிறது. உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய். கண் வைக்காதே. வாலைச் சுருட்டி வை. ஒவ்வொன்றையும் படமாக வரைந்தார்கள். தலைமேல் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்து ஜன்னல் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நான் இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் எழுதி முடித்த பிறகு இரண்டாம் பெஞ்ச் பெண் ஒருத்தி, “நாமதான டீச்சர் எல்லாத்தையும் சுத்தி வளைச்சுப் பேசுறோம்? அவன் நேராத்தான கேக்குறான்” என்றாள். டெட்டைத்தான் சொன்னாள்.

டேமியன் மில்டன் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதைத்தான் எழுதினார். புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கத்து மனிதரின் குறையாக மட்டும் அதை எழுதி வைத்துவிட்டோம் என்றார். அவர் கட்டுரையைப் பின்னால் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது.

பலகையில் ராட்டினம் வரைந்த நாளுக்கு வருகிறேன். பொருட்காட்சி ராட்டினத்தை அழித்துவிட்டு, மதினி அனுப்பியிருந்த படத்தைப் பார்த்து ஒழுங்காக வரைந்தேன். தேம்ஸ் ஆற்றங்கரையில் 135 மீட்டர் உயரம். மொத்தம் 32 கண்ணாடிக் கூண்டுகள். பாடம் எடுக்கிற பழக்கத்தில் கூண்டுகளுக்கு 1 முதல் 32 வரை எண் போட்டுக்கொண்டே போனேன். முந்தின நாள் நானே ஒன்று சொல்லியிருந்தேன். அந்த ஊரில் 13 ஆகாத எண், அதனால் ராட்டினத்தில் 13ஆம் நம்பர் கூண்டு கிடையாது, எண்கள் 33 வரை போகும் என்று. சொன்னது எனக்கு மறந்துவிட்டது.

ஜன்னலோரத்துப் பையன் எழுந்து வந்தான். வருடம் தொடங்கி ஐந்து மாதத்தில் அவன் பலகைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளங்கையால் 13ஐ அழித்தான். அங்கே 14 என்று எழுதினான். பிறகு 14 இருந்த இடத்தை அழித்து 15. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கடைசிக் கூண்டில் 33 வரும்வரை. சாக்பீஸ் உரசும் சத்தம் தவிர வகுப்பில் எந்தச் சத்தமும் இல்லை. முடித்ததும் சாக்பீஸை என் கையில் கொடுத்தான். “பதிமூணு கெடையாது” என்றான். போய் உட்கார்ந்தான். யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தால் அந்தச் சத்தத்துக்கு அவன் மேஜைக்கு அடியில் போயிருப்பான். பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது என்பதைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். எப்போது தெரிந்துகொண்டார்கள்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுவாரம் பையன்கள் அவனை டெட் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதையாகத்தான், ஒரு பட்டம் மாதிரி. எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி. அவன் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் எழுந்து, “நான் டெட் இல்ல” என்று தன் பெயரை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, வருகைப் பதிவேட்டில் இருக்கிறபடி சொன்னான். இரண்டு தடவை சொன்னான். சான்றிதழில் இருந்த சொல்லைச் சொல்லாமல் காத்த நான், கதையிலிருந்து ஒரு பெயரை எடுத்து அவன் நெற்றியில் ஒட்ட விட்டிருந்தேன். அன்றே எல்லாரிடமும் சொன்னேன். டெட் கதையில் இருக்கட்டும், இவன் இவன்தான் என்று. இந்தக் கதைகளை வகுப்பில் சொல்கிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கதை முடிந்த பிறகு, அந்தப் பிள்ளையிடம் அது பிடித்ததா என்று கேட்டீர்களா? நான் அதுவரை கேட்டிருக்கவில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. டெட் புதிரை அவிழ்க்கிறான். மார்க் ஹாடன் 2003இல் எழுதிய புகழ்பெற்ற நாவலில் கிறிஸ்டோபர், அத்தியாயங்களுக்குப் பகா எண்களாகவே போடுகிற கணக்குப் புலி. தான் ஆட்டிசத்தில் நிபுணர் இல்லை என்று ஹாடன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் உலகமெங்கும் பல வகுப்பறைகளில் ஆட்டிசம் என்றால் கிறிஸ்டோபர் என்றாகிவிட்டது. புத்திசாலிப் பையன்கள், ஏதோ ஒன்றில் எல்லாரையும் மிஞ்சுகிறவர்கள். என் தம்பி ஒரு புதிரையும் அவிழ்த்ததில்லை. அவனுக்குக் கூட்டல் வராது. ஒரு நாளில் பத்துச் சொல் பேசினால் அதிகம். அவனை நடுவில் வைத்து, அவன் எதையும் சாதிக்காமலே அவனை நேசிக்க வைக்கிற ஒரு சிறார் நாவலை மதினியின் அலமாரியில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் யெஸ். பாலபாரதி இருக்கிறார். ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலுக்கு 2020இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியவர். ஆட்டிசத்தை வைத்துப் பெரியவர்களுக்கு ‘துலக்கம்’ எழுதியிருக்கிறார், பிள்ளைகளுக்கு ‘சந்துருவுக்கு என்னாச்சு?’ எழுதியிருக்கிறார். வீட்டு அனுபவத்திலிருந்து எழுதுகிறவர். இப்போது பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வருகின்றன. பிள்ளைகள் அவற்றைக் கிழிய கிழியப் படிக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற அம்மாவும், பேருந்து நேரங்களை எழுதிவைக்கிற மகனும் அப்படி ஒரு புத்தகத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அலமாரியில் ஒன்றை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை. எல் மக்னிகால் 2020இல் எழுதிய ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’. எழுதியவரே ஆட்டிசம் உள்ளவர். ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊர். ஆடி என்ற 11 வயதுப் பெண், அந்த ஊரில் ஒரு காலத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்ட பெண்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று போராடுகிறாள். அங்கே 1563 முதல் 1736 வரை அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருந்தது. 2022 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் அந்தப் பெண்களுக்காக மன்னிப்புக் கேட்டார். வேறு மாதிரி இருந்தவர்களை ஊர் என்ன செய்தது என்று ஆடிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வகுப்பில் ஓர் ஆசிரியை இருக்கிறாள். ஆடியின் கையெழுத்தைப் பார்த்து எல்லார் முன்னாலும் அவளைக் கூனிக் குறுக வைக்கிறாள்.

அந்தப் பக்கத்தை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கேட்ட கேள்வியைத் திருப்பி என்னிடமே சொல்வாள். பெயர் என்ன என்றால், பெயர் என்ன என்பாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து வெளியே நிற்க வைத்தேன். ஒருநாள் இல்லை, பல நாள். அப்படி ஒரு தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டே அதைச் செய்தேன். அவன் வீட்டுக்குள் இருக்கிறவன், இவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று மனசுக்குள் ஒரு சுவர் இருந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். இப்போது எங்கே இருக்கிறாளோ. வெயிலில் நின்றதால் அவள் கன்னம் சிவந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. முகம் ஞாபகம் இல்லை.

ராட்டினம் வரைந்த அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போதுதான் அது தட்டுப்பட்டது. டெட்டும் கேட்டும் கீழே நிற்கிறார்கள். கண் எடுக்காமல் ஒரு பெட்டியைத் தொடர்கிறார்கள், சலீம் அதில் இருக்கிறான் என்பதால். கீழே நின்று மேலே பார்க்கிற ஒரு பையன். பேருந்துக் கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பொருட்காட்சி ராட்டினத்தில் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். நானும் மதினியும் உட்கார்ந்த பெட்டியின் எண் என்ன?

அம்மாவுக்குத் தெரியாது. அப்பா இல்லை. மதினிக்கு அன்றிரவே போன் செய்தேன். “அத யாருடி பாத்தா? நான் கண்ணையே தெறக்கல” என்றாள்.

வீட்டுக்குள் தம்பி தரையில் உட்கார்ந்து கவர் ஒட்டிக்கொண்டிருந்தான். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து மளிகைக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் செய்தித்தாள் கவர் வேண்டியிருக்கிறது. தினமும் 200 ஒட்டுவான். ஒரு கோணல் இருக்காது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைதாப் பசையின் வாசம். முகத்தைப் பார்க்காமல், அவன் கையையும் பார்க்காமல், நானும் ஒரு தாளை எடுத்து மடித்தேன்.

“தம்பி, சின்னப்புள்ளையில பொருட்காட்சில நானும் மதினியும் ராட்டினம் ஏறுனமே, ஞாபகம் இருக்கா?”

பதில் இல்லை. ஒரு கவர் ஒட்டினான்.

“சிவப்புப் பெட்டி. நீ கீழ நின்ன, அப்பாகூட.”

இன்னொன்று ஒட்டினான். அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தான். மூன்றாவதற்குத் தாளை எடுத்தான். நான் கேட்டது அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைத்து எழப் போனேன்.

“பச்சை” என்றான்.

நான் அப்படியே இருந்தேன்.

“ஏழு பச்சை. அக்கா ஏழு.”

மூன்றாவது கவரை ஒட்டி முடித்து மற்றவற்றின்மேல் விளிம்பு பிசகாமல் அடுக்கினான். பசைக் கிண்ணத்தை மூடினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது” என்றான்.

நான் எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.